வெயில் சயனைடைத் தின்றுவிடுமா?

தங்கச் சுரங்கம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சமாதானம் தவறாமல் வந்து விழுகிறது: "சயனைடு வெயில் பட்டால் தானாகப் போய்விடும், கழிவுக் குளத்தில் சில நாள் கிடந்தால் போதும். அதற்கு எதற்கு இத்தனை விதிமுறை?" விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்வதுதான் எரிச்சலூட்டுகிறது. இதில் பாதி உண்மை இருப்பதால் அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம். தங்கத்தைக் கரைக்கும் சோடியம் சயனைடுக் கரைசலைச் சுண்ணாம்பு சேர்த்து பி.எச். 10க்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். குளத்து நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். இறங்கும். 9.2க்கு வரும்போது, உலோகத்தோடு பிணையாத தனிச் சயனைடில் சரிபாதி ஹைட்ரஜன் சயனைடாகிவிடும். அது ஆவியாகிக் காற்றில் கலக்கும். வெயிலும் காற்றும் இதைத் துரிதப்படுத்தும். ஆக, "போய்விட்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு குளத்தைவிட்டுக் காற்றுக்குப் போனதுதான். தவிர, பாறையில் தங்கம் மட்டுமா இருக்கிறது? செம்பும் இரும்பும் சயனைடோடு பிணைந்துகொள்கின்றன. செம்போடு பிணைந்தது மெல்லத்தான் பிரியும். இரும்போடு பிணைந்ததில் நஞ்சு குறைவு என்றாலும், தெளிந்த நீரில் புற ஊதாக் கதிர் பட்டால் அதிலிருந்து தனிச் சயனைடு மீண்டும் வெளிவரும். எந்த வெயிலை மருந்து என்கிறார்களோ அதே வெயில் அங்கே நஞ்சை அவிழ்த்துவிடுகிறது.

வெயிலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியாவின் பாயா மாரே நகரை விட வேறு சான்று வேண்டாம். பழைய சுரங்கக் கழிவிலிருந்து மறுபடி தங்கம் எடுத்துவந்த ஆலை ஒன்றின் தேக்கக் கரை 2000 ஜனவரி 30 இரவு உடைந்தது. மழையும் உருகிய பனியும் சேர்ந்து நீர்மட்டத்தை உயர்த்தின. மிகுநீரை வெளியேற்ற அங்கே வழியே வைக்கப்படவில்லை. ஏறத்தாழ 1 லட்சம் கன மீட்டர் கழிவுநீர், 50 முதல் 100 டன் வரை சயனைடோடும் செம்போடும், சொமேஷ் ஆற்றில் இறங்கி ஹங்கேரியின் டிசாவுக்குப் போனது. ஹங்கேரியில் மட்டும் 1,000 டன்னுக்கு மேல் மீன்கள் செத்ததாக அந்நாட்டு அதிகாரிகள் கணக்கிட்டார்கள். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் தனிச் சயனைடே பல மீன் இனங்களைக் கொன்றுவிடும் என்பதால் இதில் வியப்பில்லை. நான்கு வாரம் கழித்து, சுமார் 2,000 கிலோமீட்டர் கடந்து, டான்யூப் கழிமுகத்திலும் சயனைடை அளக்க முடிந்தது. அந்த நான்கு வாரமும் சூரியன் உதிக்காமலா இருந்தது? "அது குளிர்நாடு, நம் வெயில் வேறு" என்பார்கள். வேறுதான், ஆனால் இங்கும் கரையை உடைப்பது வெள்ளம், வெள்ளம் வருவது மழைக்காலத்தில். வானம் மூடிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் வெயில் கைகொடுக்காது.

அடுத்த ஆட்சேபம் கோலார் தங்கவயலைக் காட்டி வருகிறது: தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் அடியிலேயே வாழவில்லையா? வாழ்ந்தார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பின், மேற்பரப்பில் இருந்த தனிச் சயனைடு பெரும்பாலும் சிதைந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் சயனைடு போனதால் மேடு சுத்தமாகிவிடாது. மாவாக அரைத்த படிகப் பாறை காற்றடி காலத்தில் புழுதியாகக் கிளம்பி வீட்டுக்குள் புகுகிறது; அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். இதற்குச் சயனைடு விதி போதாது, மேட்டை மூடிப் பசுமை போர்த்தும் விதியும் வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. சயனைடின் கசப்பு வாதுமை வாசனை எச்சரித்துவிடுமாம். கணிசமானவர்களுக்குப் பிறவியிலேயே அந்த வாசனை தெரியாது, மூக்கு ஒரு கருவியல்ல. காலி டிரம்மைக் கழுவித் தண்ணீர் பிடிக்கலாமாம். கூடவே கூடாது, கழுவிய டிரம்மை நசுக்கிவிட வேண்டும். தங்கம் எடுக்கப் பாதரசம் இதைவிடப் பரவாயில்லையாம்; மினமாட்டா உடன்படிக்கை எதற்காக வந்தது என்று தேடிப் படியுங்கள்.

விதிமுறை கேட்பது அப்படியொன்றும் அசாத்தியமானதல்ல. கழிவு குளத்துக்குள் போகும் முன்பே, ஆலையிலேயே, கந்தக டை ஆக்சைடும் காற்றும் செலுத்திச் சயனைடைச் சிதைக்கும் முறை பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் குளத்துக்குள் செல்லும் கழிவில் எளிதில் பிரியும் சயனைடு 10 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. நம் நாட்டின் பொது வரம்பின்படி நீர்நிலையில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான் இருக்கலாம். இவற்றை வெயிலிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவ முடியாது. அளக்க வேண்டும், அளந்ததைச் சொல்ல வேண்டும். பாயா மாரே விபத்தில் எல்லை தாண்டி எச்சரிக்கை நேரத்தோடு போனதால்தான் டிசா கரை நகரங்கள் குடிநீரைக் காப்பாற்றிக்கொண்டன. நம் 1989ஆம் ஆண்டு அபாயகர வேதிப்பொருள் விதிகளும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பு வைப்பவர்கள் விஷயத்தில், விபத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்கின்றன. தங்கவயலின் 13 மேடுகளை மறுபடி தோண்ட 2024இல் கர்நாடக அமைச்சரவை சம்மதித்திருக்கிறது. பாயா மாரேயில் நடந்ததும் இதே வகை வேலைதான். தங்கவயலில் முதல் சயனைடு டிரம் இறங்கும் முன், அன்றன்றைய அளவீட்டைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதும் பலகை ஆலை வாசலில் நிற்க வேண்டும். கரை உடைந்தால் முதலில் யாரை அழைப்பது என்ற பட்டியல் கீழ்ப்பக்கத்து ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டும்.