பானெட்டுக்குள் என்ன சத்தம்? மொபைலில் பதிவு செய்யுங்கள்!

பூம்பாறை தாண்டிக் கூக்கால் போகும் மலைச்சாலையில் என்ஜின் 'டக் டக்' என்றால் உடனே ஒர்க்‌ஷாப் கிடைக்காது. மெக்கானிக்கிடம் போனதும் சத்தம் நின்றுவிடும். எல்லாக் கார்களுக்கும் இந்தக் குணம் உண்டு! எனவே அங்கேயே பதிவு செய்துவிடுங்கள்.

ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் பதிவெல்லாம் வேண்டாம், உடனே என்ஜினை அணைக்கவும். எரியாவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில், இன்னொருவரை ஆக்சிலேட்டரை மிதித்து 1,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தச் சொல்லுங்கள். பத்து விநாடி போதும். கையும் துணியும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரெக்கார்டரில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடவும். நமக்கு வேண்டியதே இரைச்சல்தான்.

வீட்டில் ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் ஃபைலைத் திறந்து பெரிதாக்கவும். ஒவ்வொரு 'டக்'கும் ஒரு முள்ளாகத் தெரியும். ஒரு விநாடிக்குள் எத்தனை என்று எண்ணுங்கள்.

1,500-ஐ 60-ஆல் வகுத்தால் 25. கிராங்க் ஷாஃப்ட் விநாடிக்கு அத்தனை முறை சுற்றுகிறது. கேம் ஷாஃப்ட் அதில் பாதிதான். முட்கள் 12, 13 என்றால் முதல் சந்தேகம் வால்வு, டேப்பெட் மீது. ஆயில் அளவைப் பாருங்கள். 25 என்றால் கிராங்குடன் சுற்றும் புல்லி, பேரிங் பக்கம் தேட வேண்டும். அதுவே கனத்த இடிச்சத்தமாக, மிதிக்க மிதிக்கக் கூடினால் காரை ஓட்ட வேண்டாம், இழுத்துச் செல்லுங்கள்.

'கீச்' சத்தத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. பனிக்காலையில் ஒரு நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தால் பெல்ட்டில் ஈரம்; ஓயாமல் கத்தினால் பெல்ட்டின் இறுக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.