மருந்துச் சீட்டும் விலக்குக் கடிதமும்

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவில் முதல் புரோ குத்துச்சண்டைக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். "ஆஸ்துமாவுக்கு டாக்டர் சீட்டு இருக்கே, போதாதா அண்ணே?" என்றும் கேட்டிருந்தாய். போதாது. உனக்கு இன்ன நோய் என்று டாக்டர் எழுதலாம். அந்த மருந்தோடு நீ ரிங்கில் இறங்கலாமா என்பதை வேறு ஆள் முடிவு செய்து விலக்குக் கடிதம் தர வேண்டும்.

அந்த வேறு ஆள் யார் என்பதில்தான் புரோவில் வில்லங்கம். அமெச்சூரில் உனக்கு நம் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா (NADA) ஒன்றுதான் வாசல். அமெரிக்கப் புரோவில் மாநிலத்துக்கு ஒரு கமிஷன், பெல்ட் கொடுக்க நாலு அமைப்பு, அதுபோக ஒப்பந்தத்தின் பேரில் சோதனை செய்ய வரும் நிறுவனம். ஒருவர் சரி என்றது இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது.

2015 மே 2, லாஸ் வேகாஸ், மேவெதர் – பாக்கியாவ் சண்டையை எடுத்துக்கொள். முதல் நாள் எடை பார்த்து முடிந்தபின், அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமையான யுசாடாவின் ஆட்கள் மேவெதர் வீட்டுக்கு மாதிரி எடுக்கப் போனார்கள். அவர் டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்: சலைனும் வைட்டமினும் 750 மில்லி. இரண்டுமே தடைப்பட்டியலில் இல்லாத பொருள்கள். ஆனால் அன்றைய விதிப்படி ஆறு மணி நேரத்தில் 50 மில்லிக்கு மேல் டிரிப்ஸ் ஏற்றுவதே தடை. காரணம், அவ்வளவு நீர் உள்ளே போனால் ரத்தமும் சிறுநீரும் நீர்த்து, வேறு எதையாவது மறைத்துவிடக்கூடும். உடம்பு நீரிழந்திருந்தது என்றது அவர் தரப்பு. யுசாடா விலக்கு கொடுத்தது, அதுவும் சண்டை முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆனபின். விலக்கு கொடுக்கும் அதிகாரம் எங்களுக்குத்தான் என்றது லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் கமிஷன். ஆனாலும் மேவெதருக்குத் தண்டனை இல்லை. தான் விதியை மீறவில்லை என்றே அவர் சொன்னார்.

சண்டை நடந்த இரவு பாக்கியாவுக்குத் தோளில் வலி. வலி குறைக்கும் டோரடால் ஊசி கேட்டார். அந்த மருந்து தடைப்பட்டியலிலேயே கிடையாது. ஆனாலும் கமிஷன் மறுத்துவிட்டது. முதல் நாள் படிவத்தில் தோள் காயம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்திருந்தார்கள். யுசாடாவிடம் சொல்லியிருந்தோம் என்று அவர் தரப்பு வாதாடியது, கமிஷனிடம் சொல்லவில்லையே! புள்ளிகளில் தோற்று, பிறகு தோளுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார்.

பெரிய ஆளுக்குக் காலம் கடந்து கிடைத்த கடிதம் நாலு ரவுண்டு போடும் பையனுக்கும் கிடைக்கும் என்று கனவு காணாதே. உனக்குப் பாடம் பாக்கியாவின் படிவத்தில் இருக்கிறது.

குத்துச்சண்டை வீரர் லாமண்ட் பீட்டர்சன் கதையும் இதே ஜாதிதான். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று டாக்டர் உடம்பில் குளிகை பதித்தாராம்; விலக்கு வாங்கவில்லை. 2012இல் சோதனையில் சிக்கி, அமீர் கானோடு மறுசண்டை ரத்தானது. பெல்ட் கொடுக்கும் அந்த நாலு அமைப்பில் டபிள்யூ.பி.ஏ. பட்டத்தைப் பிடுங்கியது, ஐ.பி.எஃப். விட்டுவைத்தது. ஒரே மனிதன், ஒரே மருந்து!

இனி உன் விஷயம். சால்புட்டமால் இன்ஹேலருக்கு உலக விதிப்படி விலக்குக் கடிதம் வேண்டாம். ஆனால் எட்டு மணி நேரத்தில் 600 மைக்ரோகிராம், 24 மணி நேரத்தில் 1600 என்ற எல்லை உண்டு. ஒரு பஃப் 100 என்றால் எட்டு மணி நேரத்தில் ஆறு. ராத்திரி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தால் ஒரு டோஸே 2500 ஆகலாம். அப்போது விதியை நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காராதே, வைத்துக்கொள். அவசர சிகிச்சைக்குப் பின்தேதியில் விலக்கு கேட்க உலக விதியில் வழி உண்டு. கேஸ் ஷீட்டை மட்டும் வாங்கி வை. வீட்டில் இருக்கும் இருமல் சிரப்பைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்காதே; நம் ஊர் சிரப்புகள் பலவற்றில் டெர்புட்டலின் இருக்கிறது, அது எப்போதும் தடை. எடை குறைக்க யாராவது சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் மாத்திரை நீட்டினால் வாங்கவே வாங்காதே, அதுவும் தடை.

இந்த வாரமே நுரையீரல் டெஸ்ட் எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளோடு ஸ்கேன் செய்து வை. சண்டைக்கு முப்பது நாளாவது இருக்கும்போதே கமிஷனுக்கும் சோதனை நிறுவனத்துக்கும் தனித்தனியாக அனுப்பி, வந்து சேர்ந்தது என்று எழுத்தில் பதில் வாங்கு. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. சோதனை யார் செய்வார்கள் என்ற பத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்