பாட்டி விட்டுச்சென்ற வீணை: அடையாளமும் மதிப்பும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் காலம் இது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்து, சில ஆண்டுகளுக்கு வாடகை வீட்டுக்குப் பெயரும் குடும்பங்கள், இடத்தை அடைக்கும் பொருள்களையே முதலில் கழிக்க நினைக்கின்றன. மர அலமாரி, பித்தளை அண்டா, தையல் இயந்திரம் என்னும் அந்த வரிசையில், உறை போட்டுப் பரண்மேல் வைத்திருந்த வீணையும் சேர்ந்துவிடுகிறது. நகைக்கு எடை உண்டு, மாற்று உண்டு, அன்றைய விலை நாளிதழிலேயே உண்டு. வீணைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆதலால் வாசலில் வந்து நிற்கும் பழம்பொருள் வியாபாரி சொல்லும் தொகையே அதன் விலையாகிவிடுகிறது. பின்னர் உடன்பிறந்தாரிடையே, "அம்மாவின் வீணையை இவ்வளவு சொற்பத்துக்கா கொடுத்தாய்?" என்ற பேச்சும் எழுகிறது. வீணையை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். இன்னது என்று தெரிந்துகொண்ட பிறகு அந்த முடிவை எடுப்பது நல்லது.

தென்னிந்திய வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது தஞ்சாவூர் வீணை. இருபத்து நான்கு மெட்டுகளை நிலையாகப் பதித்த இன்றைய வடிவம், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் அமைந்தது என்பது மரபு. பலா மரத்தில் செய்யப்படுவது. பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. வலப்புறம் குடம், நடுவில் தண்டி, இடப்புறக் கோடியில் யாளி முகம், அதனருகே கீழே சுரைக்காய். மேலே நான்கு வாசிப்புத் தந்திகள், பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மைசூர் வீணை என்றால் பெரும்பாலும் ஈட்டி மரம், நிறம் கறுத்திருக்கும். ஆந்திரத்தின் பொப்பிலி வீணை பலா மரத்தில் ஒரே துண்டாகக் குடையப்படுவது. ஆகவே உங்கள் வீட்டு வீணை எந்த ஊர் மரபினது என்பதற்கு மரத்தின் நிறமும் யாளியின் செதுக்கலும் முதல் சான்றுகள்.

அடுத்த கேள்விதான் விலையைப் பெரிதும் மாற்றுவது. அது ஏகாந்த வீணையா, ஒட்டு வீணையா? குடம், தண்டி, யாளி ஆகியவற்றை ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. சாதா வீணை என்றும் சொல்வர். ஒரே மரமாக எடுப்பதற்குப் பழுதற்ற நீண்ட பெருமரம் வேண்டும், வேலையும் அதிகம், கழிவும் அதிகம். எனவே விலையும் அதிகம். விற்பவர் எல்லாரும் தம்முடையது ஏகாந்தம் என்பர். வாங்குபவர் எல்லாரும் ஒட்டு என்பர். நாமே பார்த்துத் தீர்மானிக்க வழி உண்டு. வீணையை மெத்தைமீது கவிழ்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் அடிப்புறத்தைப் பாருங்கள். குடத்திலிருந்து தண்டிக்கு மர ரேகை அறுபடாமல் ஓடினால் ஏகாந்தம். குடத்தின் கழுத்தில் ரேகை சட்டென நின்று வேறு போக்கில் தொடங்கினால் அங்கே ஒட்டு உண்டு. அந்த இடத்தை வெள்ளைப் பட்டை அலங்காரம் மறைத்திருக்கக்கூடும். அப்போது பட்டையின் இருபுறமும் ரேகையை ஒப்பிட வேண்டும். குடத்தின் மேற்பலகை மட்டும் எந்த வீணையிலும் தனித் துண்டுதான். குடைந்தெடுத்த வாயை மூடுவது அதுவே. அதன் விளிம்பில் ஒட்டு தெரிவதைக் கண்டு ஏமாற்றம் கொள்ள வேண்டாம்.

ஒட்டு வீணை தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. நல்ல கைவினைஞர் செய்த ஒட்டு வீணை, அவசரமாகச் செய்த ஏகாந்தத்தைவிட இனிமையாக ஒலிக்கும். நாதத்தின் தகுதி வேறு, சந்தையின் விலை வேறு.

காலத்தைக் கணிக்கச் சிறு பாகங்கள் உதவும். சுரைக்காய் உண்மையான காயா, காகிதக்கூழா, கண்ணாடியிழையா? கண்ணாடியிழை என்றால், வீணை பழையதாயினும் அந்தப் பாகம் பிற்காலத்தது. பிரடை எனப்படும் முறுக்காணிகள் எல்லாம் ஒரே மரத்தில், ஒரே தேய்மானத்தோடு உள்ளனவா? மெட்டுகளைத் தாங்கும் மெழுகு கடினமாக, வெடிப்பின்றி இருக்கிறதா? மும்பையின் மே மாத வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயர்வது வழக்கம். மெழுகை மாற்றி மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்பப் பதிப்பதை மேளம் கட்டுதல் என்பர். மேளம் கட்டிய வீணையின் பழமைக்குக் குறைவில்லை; தந்தி மாற்றுவதைப் போல அது பராமரிப்பே. குடத்தில் விரிசல், தண்டி வளைந்திருத்தல், யாளி உடைந்து வேறு யாளி பொருத்தியிருத்தல் ஆகியவையே மதிப்பைக் குறைப்பவை.

இனி, மிகுந்த கவனம் வேண்டிய இடத்துக்கு வருகிறோம். பழைய வீணைகளின் விளிம்புப் பட்டைகளும் முறுக்காணிக் குமிழ்களும் சிலவற்றில் யானைத் தந்தத்தால் ஆனவை. சிலவற்றில் மான் கொம்பு. பிற்காலத்தவற்றில் செல்லுலாய்டு அல்லது பிளாஸ்டிக். வெட்டுமுகத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் தந்தத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் கருநிறப் புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக்கில் கோடு இருந்தாலும் அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய முறையைக் கைவிடுங்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும்.

தந்தம் என்றால் சட்டம் தலையிடுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1986, 1991 ஆண்டுகளின் திருத்தங்களும் தந்த வணிகத்தை நாட்டுக்குள் முற்றிலும் தடை செய்துள்ளன. இறக்குமதி செய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் இத்தடை பொருந்தும். "தாத்தா காலத்தது" என்பது விற்பனைக்கு விலக்கு ஆகாது. ஆயினும் வாரிசு உரிமையாக வருவதைச் சட்டம் ஏற்கிறது. அவ்வாறு பெற்றவர் தொண்ணூறு நாள்களுக்குள் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடமோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமோ அறிவிக்க வேண்டும் என்பதே விதி. பல குடும்பங்களுக்கு இது தெரியாது, ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அந்நிலையில் பட்டையைப் பெயர்த்தெடுத்து ஒளித்து வைப்பதும், வியாபாரியிடம் தள்ளிவிடுவதும் சிக்கலைப் பெரிதாக்கும். வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு வனத்துறையை அணுகுவதே சரியான வழி. தந்தம் உள்ள வீணைக்கு விற்பனை விலை என்ற ஒன்றே இல்லை என்று கருதி மற்றக் கணக்குகளைச் செய்யுங்கள்.

வீணைக்குப் பதில் கிதார் வந்து சேர்ந்த வீடுகளும் உண்டு. தாராவியின் தேவாலயப் பாடகர் குழுக்களில் வாசித்த தந்தையரின் கிதார்கள் இப்போது பிள்ளைகளிடம் வருகின்றன. கிதாருக்கு வீணைக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஒலித்துளைக்குள் சிறு விளக்கை விட்டுப் பார்த்தால் தயாரிப்பாளர் சீட்டோ முத்திரையோ தெரியும். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1898 முதல் தொடர் எண் இட்டு வருகிறது. கழுத்து பொருந்தும் உள்கட்டையில் அந்த எண் இருக்கும். அதைக்கொண்டு செய்த ஆண்டை அறியலாம். எண் மட்டுமே எப்போதும் போதாது. கிப்சன் நிறுவனம் 1960களில் ஒரே எண்ணைப் பல கிதார்களுக்கு இட்டது. அங்கே தலைப்பகுதியின் வடிவம், முறுக்காணி, உள்ளமைப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் ஆண்டு சொல்வர்.

மரமும் முக்கியம். மார்ட்டின் நிறுவனம் 1969ஆம் ஆண்டின் இறுதிவரை பிரேசில் ஈட்டியைப் பயன்படுத்தி, பின்னர் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஒரே மாதிரிக் கிதாராயினும் முன்னதற்கே சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகின்றனர். நம் மலைகளின் மரம் இரண்டாம் இடம் பெறுவதில் நமக்குச் சற்று வருத்தம்தான். பிரேசில் ஈட்டி 1992 முதல் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. அனுமதியின்றி எல்லை கடக்க இயலாது. இந்திய ஈட்டியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது. உள்நாட்டில் செய்த சாதாரணக் கிதாராயின், பழமை என்பதற்காகவே பெருந்தொகை வரும் என எதிர்பார்க்க வேண்டாம்.

இனி மதிப்பு. அழகிய பழைய கிதாருக்கு உலகெங்கும் ஏலச்சந்தை உண்டு. வீணைக்கு அத்தகைய சந்தை உருவாகவில்லை. வாங்குபவர் பெரும்பாலும் மாணவரோ ஆசிரியரோதான். எனவே வீணையின் மதிப்பை இன்றைய புதிய விலையிலிருந்து தொடங்கிக் கணக்கிடுவதே நேர்மையானது. அதே வகை, அதே அளவு வீணை இன்று தஞ்சையில் என்ன விலை என்று இரண்டு மூன்று கைவினைஞரிடம் கேளுங்கள். கணக்கு விளங்குவதற்காக மட்டும் அது 1,00,000 ரூபாய் என்று கொள்வோம். உங்கள் வீணையை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர 25,000 ரூபாய் ஆகும் என்று அவர் சொன்னால் மிச்சம் 75,000. பழைய கருவிக்கு உத்தரவாதம் இல்லை என்பதால் வாங்குபவர் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 60,000. இது விற்பனை மதிப்பு. பழுதுபார்த்த பின் தீயிலோ வெள்ளத்திலோ அழிந்தால் அதற்கு ஈடான ஒன்றை வாங்க 1,00,000 தேவை. இது காப்பீட்டு மதிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல சச்சரவுகள். மூன்று உடன்பிறந்தார் இருந்து, வீணை வாசிக்கும் இளையவர் அதை எடுத்துக்கொண்டால், விற்பனை மதிப்பைக்கொண்டு மற்ற இருவருக்கும் தலா 20,000 ரூபாய் கொடுப்பது முறையாகும். காப்பீட்டு மதிப்பைப் பங்கிடக் கேட்பது, வாசிப்பவரைத் தண்டிப்பதாகும் என்பது நம் கருத்து.

பெயர்பெற்ற கலைஞர் வாசித்தது என்றால் இக்கணக்கு மாறும். அதற்குச் சான்று வேண்டும்: அந்த வீணையோடு எடுத்த படம், கடிதம், கச்சேரி அழைப்பிதழ், வாங்கிய ரசீது. குடும்பக் கதைகளை ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்ரீ ஷண்முகானந்தா சபை 1952இல் தொடங்கியது. அதன் மாதுங்கா அரங்கம் 1963இல்தான் திறக்கப்பட்டது. 1990இல் தீ விபத்துக்கு உள்ளாகி 1998இல் மீண்டும் திறந்தது. "அந்த அரங்கில் 1958இல் வாசித்த வீணை" என்றால் கச்சேரி வேறிடத்தில் நடந்திருக்க வேண்டும், அல்லது ஆண்டு தவறாக இருக்க வேண்டும். கதை பொய் என்று முடிவு கட்டத் தேவையில்லை. திருத்திக்கொண்டு ஆதாரம் தேடலாம். வீணையை மதிப்பிட மாதுங்காவிலும் செம்பூரிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் நல்ல துணை. அவர்கள் பார்த்து, அளவுகளும் வகையும் பழுதுகளும் குறித்துக் கையொப்பமிட்ட கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். மதிப்பிடுபவரே வாங்க முன்வந்தால் இன்னொருவரையும் கேட்பது நல்லது.

வாரிசு உரிமையாகப் பொருள் வருவதற்கு இன்று வரி இல்லை; மரணச் சொத்து வரி 1985இல் நீக்கப்பட்டது. சொந்தப் பயன்பாட்டில் உள்ள இசைக்கருவி பொதுவாகத் தனிப்பட்ட உடைமையாகவே கருதப்படும். கலைப்பொருளாகச் சேகரித்து வைத்ததாயின் விற்பனை ஆதாயத்துக்கு வரி எழலாம். பெருந்தொகையானால் தணிக்கையாளரைக் கேளுங்கள். அமெரிக்காவில் உள்ள மகளுக்கு அனுப்ப நினைப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். நூறாண்டைக் கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. தனியார் அதை ஏற்றுமதி செய்ய இயலாது. வயது ஐயத்துக்கு இடமானால், தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறுங்கள். விமான நிலையத்தில் விளக்கம் சொல்லத் தொடங்குவது காலம் கடந்த முயற்சி.

வங்கிப் பெட்டகத்தில் நகை அடங்கும். ஏறத்தாழ நான்கடி வீணை அடங்காது. ஆசிரியரின் கடிதம், ரசீது, யாளி முதல் குடத்தின் அடிப்புறம் வரை எடுத்த படங்கள், வனத்துறை ஆவணம் இருந்தால் அது ஆகியவற்றைப் பெட்டகத்தில் வையுங்கள். இல்லக் காப்பீட்டில் வீணையைத் தனியே பெயர் குறித்துச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பொதுவான வீட்டுப் பொருள் என்ற தலைப்பில் விட்டால் தேய்மானம் கழித்தே ஈடு கிடைக்கக்கூடும். உயிலில் "என் வீணை" என்று மட்டும் எழுதாமல், வகை, நீளம், யாளியின் அடையாளம் ஆகியவற்றையும் எழுதுங்கள். வீடு மாறும் நாளில் தந்திகளை முழுவதும் கழற்றாமல் சற்றே தளர்த்தி, சுரைக்காயைத் தனியே பொதிந்து, குடம் கீழாக இராதபடி படுக்கவைத்து, லாரியில் ஏற்றாமல் உங்களுடனேயே எடுத்துச் செல்லுங்கள். புதிய வீட்டில் பரணும் வேண்டாம், மழைக்காலத்தில் கசியும் வெளிச்சுவரும் வேண்டாம். உட்சுவர் ஓரமாக, வெயில் படாத இடம் போதும்.