பழைய மடிக்கணினியில் ஒரு பாடவேளை

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அதே வயதுடைய மடிக்கணினி ஒன்றிரண்டு பல பள்ளிகளின் பீரோவில் இன்றும் இருக்கும். திரையும் விசைப்பலகையும் நன்றாகவே இருக்கும். ஆனால் இயக்கினால் முகப்புத் திரை வருவதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 நிறுவ 4 ஜிபி ரேமும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய கணினிகளில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. அவற்றில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். கணினி பிழைக்கிறதோ இல்லையோ, ஒரு நல்ல பாடம் நிச்சயம் கிடைக்கும்.

ஏன் மெதுவாகிறது?

ரேமை ஆசிரியரின் மேசை என்றும், ஹார்டு டிஸ்க்கை அறை மூலையிலுள்ள பீரோ என்றும் மாணவரிடம் சொல்லலாம். மேசை நிறைந்துவிட்டால் ஒரு நோட்டைத் திருத்த இன்னொன்றை பீரோவில் வைத்துவிட்டு வர வேண்டும். 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் இயங்குதளமும் வைரஸ் தடுப்பு நிரலுமே மேசையை நிரப்பிவிடுகின்றன. பிறகு நடப்பதெல்லாம் பீரோவுக்கும் மேசைக்கும் இடையிலான நடைதான்.

லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் என்ற உட்பகுதியின் பெயர். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளியிட்டார். அதன்மேல் முகப்புத் திரை, கோப்பு மேலாளர், செயலிகள் எனச் சேர்த்துக் கட்டித் தருபவை லுபுண்டு, மின்ட், ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற வெளியீடுகள். இவற்றின் கெர்னல் ஒன்றுதான். மேலே ஏற்றும் சுமைதான் வேறு. லினக்ஸ் மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும், 4 ஜிபி இருந்தால் வசதி. 2 ஜிபி கணினிக்கு நான் லுபுண்டுவைச் சொல்வேன். அதற்கும் குறைவென்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி.

32 பிட்டா, 64 பிட்டா என்பதில் ஒரு குழப்பம் வரும். விண்டோஸ் 7 ஸ்டார்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. ஆகவே திரையில் 32 பிட் என்று காட்டுவதால் பிராசசரும் 32 பிட்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். 64 பிட் வெளியீட்டையே போட்டுப் பாருங்கள். பிராசசர் ஏற்காவிட்டால் அந்தச் செய்தியைக் காட்டி நின்றுவிடும், கெடுதல் ஒன்றுமில்லை. உண்மையிலேயே 32 பிட் என்றால் தேர்வு சுருங்கிவிடும். லுபுண்டு 2019 முதல் 32 பிட் வெளியீட்டை நிறுத்திவிட்டது.

வகுப்பில்

பேட்டரி உப்பியிருக்கும் கணினியைத் தொட வேண்டாம். மற்றதை எடுத்துக்கொண்டு, வேறு கணினியில் ரூஃபஸ் போன்ற இலவச நிரலால் லினக்ஸ் கோப்பை 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதில் ஏற்கெனவே இருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியானதையே எடுங்கள். பழைய கணினியில் செருகி, இயக்கியதும் எஃப்12 அல்லது எஃப்9 விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பென் டிரைவைத் தேர்ந்து, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் செல்லுங்கள்.

இனி மாணவர் கையில். ஒருவர் நிறுத்துகடிகாரத்தோடு விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் தொடங்கும் நேரத்தைக் குறிக்கட்டும். (பென் டிரைவிலிருந்து ஓடுவது, நிறுவிய பின் ஓடுவதைவிட மெதுவாகவே இருக்கும்.) இன்னொருவர் ஒரு வாக்கியம் தட்டச்சு செய்து முகப்புத் திரையில் சேமிக்கட்டும். கணினியை அணைத்து, மறுபடி பென் டிரைவிலிருந்தே தொடங்குங்கள். கோப்பு இருக்காது. எங்கே போனது? அதைச் சேமித்தது ரேமில். மின்சாரம் நின்றதும் போய்விட்டது. நிலையற்ற நினைவகம் என்று பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததை இங்கே கண்ணால் பார்க்கிறார்கள்.

பிறகு பென் டிரைவை எடுத்துவிட்டு இயக்குங்கள். பழைய விண்டோஸ் அப்படியே வரும். கணினி வேறு, இயங்குதளம் வேறு என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் உபுண்டு பாடம் நடத்துவோருக்கு இது நேரடியாகவே பயன்படும்.

ஒன்றில் மட்டும் கவனம். லினக்ஸிலிருந்து கணினியின் ஹார்டு டிஸ்க்கையும் திறக்கலாம். அங்கே அழித்தால் உண்மையாகவே அழியும். பெரும்பாலான பழைய கணினிகளில் விண்டோஸ் கடவுச்சொல் கேட்காமலே திறந்துவிடும். விண்டோஸ் திறக்காத கணினியிலிருந்து பழைய மதிப்பெண் பட்டியலை இப்படி மீட்கலாம். ஆனால் அதே வழியில் யாரும் எடுக்கலாம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். கழித்துக் கட்டும் கணினியில் மாணவர் விவரங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

நிறுவலாமா?

ஒலி, புரொஜெக்டர், வைஃபை மூன்றையும் பென் டிரைவில் ஓடும்போதே சோதித்துவிடுங்கள். சில வைஃபை சில்லுகளுக்குக் கூடுதல் டிரைவர் தேவை. அதுவரை கைபேசியை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து இணையம் பெறலாம். எந்த இணையதளமும் பாதுகாப்பானதல்ல என்று பிரௌசர் மறுத்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோய்ப் பல ஆண்டு பின்னால் நிற்கும். தேதியைத் திருத்தினால் போதும்.

நமக்குப் பெரிய கேள்வி தமிழ்தான். விசைப்பலகை அமைப்பில் இந்தியா என்பதன்கீழ் தமிழ்99 இருக்கிறது. யுனிகோடில் தட்டச்சு செய்யத் தடையில்லை. சிக்கல் பழைய வினாத்தாள்களில். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தவை வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவினால் லிப்ரேஆபீஸில் படிக்கலாம், அச்சிடலாம். அட்டவணைகள் சற்று நகரக்கூடும். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே ஒரு வினாத்தாளைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

பிரௌசர் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இயங்குதளம் எவ்வளவு சிறியதானாலும் இன்றைய இணையப் பக்கங்கள் சிறியவை அல்ல. 2 ஜிபி கணினியில் நான்கைந்து பக்கங்கள் திறந்தால் பழைய கதைதான். எமிஸ் வேலைக்கு வேறு கணினியை வைத்துக்கொண்டு, இதைத் தட்டச்சுப் பயிற்சி, டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி, சேமித்து வைத்த காணொலி ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்ற முடிந்தால் வேகத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நிறுவுவதென்று முடிவானால் கோப்புகளை வெளியே நகலெடுத்து, பள்ளிச் சொத்து என்பதால் தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். எதிலும் ஓடாத கணினியையும் விட வேண்டாம். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தால், மேசை எது, பீரோ எது என்று மாணவரே தொட்டுக் காட்டுவார்கள்.