ஏரி நீரில் ஆக்சிஜன் தங்குவது எப்படி?

காற்றே வீசாத கோடை இரவு கழிந்து பொழுது புலரும் நேரம். தேங்கிய நீரில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. பழவேற்காடு போன்ற ஆழமற்ற உவர்நீர் ஏரியில் இது மீனவரின் பிழைப்பைத் தொடும் செய்தி. மடவையும் இறாலும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை நம்பியே வாழ்கின்றன.

ஆனால் ஆக்சிஜன் நீரில் ஏன் கரைய வேண்டும்? நீர் மூலக்கூறு முனைவுள்ளது. அதில் ஆக்சிஜன் அணு இருக்கும் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் பெற்றிருக்கும். ஆக்சிஜன் மூலக்கூறிலோ இரண்டும் ஒரே வகை அணுக்கள். எலக்ட்ரான்களை எந்த அணுவும் தன் பக்கம் அதிகமாக இழுப்பதில்லை; ஆகவே அது முனைவற்றது. முனை இல்லாத ஒன்றை முனை உள்ள ஒன்று எப்படி ஈர்க்கும்?

காந்தம் இரும்பாணியை ஈர்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணி முதலில் காந்தமன்று. காந்தம் அருகே வந்ததும் அதுவும் காந்தமாகிறது. அதுபோலவே, நீர் மூலக்கூறின் எதிர்மின் முனை நெருங்கும்போது ஆக்சிஜனின் எலக்ட்ரான் மேகம் சற்று அப்பால் ஒதுங்குகிறது. இதனால் இப்பக்கம் நேர்மின், அப்பக்கம் எதிர்மின் ஆகிறது. இதைத் தூண்டப்பட்ட இருமுனை என்கிறோம். 1920-ஆம் ஆண்டில் இவ்விசையை விளக்கியவர் பீட்டர் டெபை. இருமுனையின் வலிமையை அளக்கும் அலகுக்கும் அவர் பெயரே. நீரின் அளவு 1.85 டெபை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாடத்தில் நாம் இந்த விசையோடு நின்றுவிடுகிறோம். உண்மையில் எலக்ட்ரான் மேகங்கள் கணந்தோறும் அசைவதால் எழும் மற்றொரு ஈர்ப்பும் உண்டு. லண்டன் என்பவர் 1930-இல் விளக்கிய இந்த விசை, நீருக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே டெபை விசையைவிடப் பெரியது. இரண்டுமே எலக்ட்ரான் மேகம் எவ்வளவு எளிதில் நெளிகிறது என்பதைப் பொறுத்தவை. 2 எலக்ட்ரான்களே உள்ள ஹீலியம் 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிலிட்டர்தான் கரையும். 54 எலக்ட்ரான்கள் உள்ள செனான் சுமார் 108 மில்லிலிட்டர் கரையும்!

எப்படியானாலும் இவை மெலிந்த விசைகள். தூரம் இரு மடங்கானால் ஈர்ப்பு ஆற்றல் 64-இல் ஒரு பங்காகிவிடும். மேலும், தம்முள் இறுகப் பிணைந்த நீர் மூலக்கூறுகளை விலக்கித்தான் ஆக்சிஜன் இடம் பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிலோ சர்க்கரை கரையும். ஆனால் 30 டிகிரியில், காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் அதே அளவு நன்னீர் தாங்கும் ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராமே. ஒரு லிட்டர் காற்றிலோ ஏறக்குறைய 270 மில்லிகிராம் இருக்கிறது.

பிடி தளர்வாக இருப்பதால் வெப்பம் ஏறினால் மூலக்கூறுகளின் துள்ளலில் ஆக்சிஜன் நழுவி வெளியேறுகிறது. உப்பும் அதற்குப் பகை. சோடியம், குளோரைடு அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்கின்றன. ஆக்சிஜனுக்கு இடம் குறைகிறது. அதே 30 டிகிரியில் கடல்நீர் தாங்குவது சுமார் 6.2 மில்லிகிராம்.

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம். கடலோடு ஏரியை இணைக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஓத நீர் உள்ளே வராது. வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மிகும். ஆழமற்ற நீர் விரைவில் சூடேறும். பகலில் பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீன்களோடு சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. கையிருப்பு குறைவு, செலவோ ஓயவில்லை. அதனால்தான் விடியற்காலையில் தட்டுப்பாடு கடுமையாகிறது. இறால் பண்ணைகளில் சக்கரங்களைச் சுழற்றி நீரைச் சிதறடிப்பதும் காற்றோடு நீர் தொடும் பரப்பை அதிகமாக்கவே.

வீட்டிலும் இதைக் காணலாம். பாத்திரத்தில் நீரைச் சூடாக்குங்கள். கொதிக்க வெகுநேரம் முன்பே ஓரங்களில் சிறு குமிழ்கள் ஒட்டியிருக்கும். அது நீராவியன்று, கரைந்திருந்த காற்று. நன்கு கொதித்த நீரை மூடி ஆறவைத்து, உடனே மறுபடி சூடாக்கிப் பாருங்கள். குமிழ்கள் மிகக் குறைவாகவே தோன்றும்.