தொழிற்சாலையிலும் அமானிதம்

பள்ளிவாசலில் ஸஃப்பு கோணாமல் நிற்க வேண்டுமென்று நாம் கவலைப்படுகிறோம். அதே மனிதர்கள் தொழிற்சாலையில் கூட்டமாக நின்று உழைக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் மார்க்கம் கற்றுத்தருகிறது.

அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த ஹாத்தோர்ன் டெலிபோன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை தொழிலாளரைப் பற்றிப் பல ஆராய்ச்சிகள் நடந்தன. 1931-ல் 14 ஆண்களைத் தனி அறையில் வேலை செய்ய வைத்துக் கவனித்து வந்தார்கள். கூட்டாகச் செய்யும் வேலை பெருகினால் கூலியும் பெருகும் என்பது ஏற்பாடு. ஆனால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஓர் அளவை வகுத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டியவரைக் கேலிப்பெயரிட்டு அழைத்தார்கள்; புஜத்தில் குத்தினார்கள். மிகக் குறைவாகச் செய்தவரையும் ஏசினார்கள். இதற்குச் சோம்பல் காரணமல்ல. அது வேலையில்லாத் திண்டாட்டக் காலம். அதிகம் செய்து காட்டினால் கூலி விகிதம் குறையும், சிலருடைய வேலையே போய்விடும் என்று அஞ்சினார்கள்.

இதில் இரு தரப்பாருக்கும் படிப்பினை உண்டு.

நேரத்துக்குக் கூலி பேசி அமர்ந்தவரை ஃபிக்ஹு நூல்கள் 'அஜீர் காஸ்' என்கின்றன. அந்த நேரம் அவரிடமுள்ள அமானிதம். முழுக் கூலி வாங்கிக்கொண்டு, தோழர்கள் சொன்னார்கள் என்பதற்காக வேலையைக் குறைப்பது அளவையில் மோசம் செய்வதைப் போன்றதே. நியாயமான கூலியை எல்லோரும் சேர்ந்து வெளிப்படையாகக் கேட்பது வேறு. மறைவில் கையை இழுத்துப் பிடிப்பது வேறு. உழைப்பவரைப் பட்டப்பெயரிட்டு இகழ்வதையோ சூரா ஹுஜுராத் தெளிவாகவே தடுத்துவிட்டது.

முதலாளிமார்களே! உங்கள் பொறுப்பு இதிலும் பெரிது. வேலையாட்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருளியிருக்கிறார்கள். கூடுதலாக உழைத்தவருக்குக் கூலி விகிதத்தைக் குறைப்பவர், வேலையாட்களுக்கு வஞ்சனையைத் தாமே கற்றுக்கொடுக்கிறார்.

ஹிஜ்ரி 5-ல் அகழ் தோண்டியபோது நாயகம் (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் எங்களைச் சேர்ந்தவர் என்று முஹாஜிர்களும் அன்ஸார்களும் உரிமை கொண்டாடியபோது, அவரைத் தம் குடும்பத்தாரோடு சேர்த்துக்கொண்டார்கள் என்று வரலாற்றில் வந்துள்ளது. தலைவர் கூடவே உழைத்தார்கள். நன்றாக உழைத்தவரை ஒதுக்காமல், தங்களவர் என்று சொல்லிக்கொள்ளப் போட்டியிட்டார்கள். நம் வேலைத்தலங்களும் அவ்வாறே ஆக அல்லாஹு தஆலா தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.