பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலில் எது முதலில் வரவேண்டும்?

பிளஸ் டூ மதிப்பெண் வந்தாச்சு, தரவரிசைப் பட்டியலும் வந்தாச்சு. இப்போது வீட்டில் ஒரே பேச்சு: "நம்ம கட்-ஆஃபுக்கு என்ன கிடைக்கும்?" மாமா ஒரு கல்லூரியைச் சொல்வார். எதிர்வீட்டு அண்ணன், "கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதையும் தொடாதே" என்பார். ஆனால் ஆன்லைனில் விருப்பப் பட்டியலை நிரப்பப் போவது நீங்கள்தான். அதற்குக் கிடைப்பதும் சில நாள்கள்தான்.

முதலில் உங்கள் கட்-ஆஃப். மொத்தம் 200. கணிதம் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். கணிதத்தில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 81 என்றால் 86 + 39 + 40.5 = 165.5. இதை வைத்துத்தான் தரவரிசை. பலர் ஒரே கட்-ஆஃபில் இருந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அப்படியும் பிரிக்க முடியாவிட்டால் கடைசியில்தான் சமவாய்ப்பு எண். ஆகவே அந்த எண் சின்னதா பெரிதா என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் பட்டியலைக் கணினி எப்படிப் படிக்கிறது?

உங்களுக்கு முன்னால் உள்ள தரவரிசைக்காரர்களுக்கு இடம் ஒதுக்கி முடித்த பிறகு உங்கள் முறை வரும். அப்போது உங்கள் முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று கீழே இறங்கும். பெரிய கல்லூரியை முதலில் போட்டதற்காக உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு நகரும், அவ்வளவுதான்.

இது புரியாமல் வருவதுதான் சிக்கல். ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆசை, பக்கத்து ஊர்க் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ். "அது கிடைக்காது, கிடைக்கிறதை மேல போடு" என்று யாரோ சொல்ல, நிச்சயம் கிடைக்கும் ஒரு கல்லூரியின் மெக்கானிக்கலை முதலிடத்தில் போடுகிறார். அதுவே கிடைத்துவிடுகிறது. எலெக்ட்ரானிக்ஸில் அன்று இடம் காலியாக இருந்திருந்தாலும் கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அவர்தானே அதைக் கீழே வைத்தார்!

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பேர்பெற்ற கல்லூரிகளாக ஐந்தாறு மட்டும் போட்டுவிட்டு லாக் செய்வது. ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகும்போது நல்ல இடங்கள் பல நிரம்பியிருக்கும். எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறபோது ஏன் ஐந்தோடு நிறுத்த வேண்டும்? மேலிருந்து கீழ்வரை ஆசைப்படி வரிசைப்படுத்துங்கள். எவ்வளவு தூரம் கீழே போவது என்பதற்கு மட்டும் வாய்ப்பைக் கணக்கில் எடுங்கள். உறுதியாகக் கிடைக்கும் இடங்கள் பட்டியலின் அடியில் பத்தாவது இருக்கட்டும். ஒன்றே ஒன்று: கிடைத்தாலும் சேரமாட்டேன் என்கிற இடத்தைச் சும்மா போட்டுவைக்காதீர்கள்.

வாய்ப்பை எப்படி மதிப்பிடுவது? கடந்த ஆண்டுகளில் யாருக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் பலரும் கட்-ஆஃபை மட்டும் பார்க்கிறார்கள். தரவரிசையைப் பாருங்கள். ஒரு வருடம் கணக்குத் தாள் எளிதாக வந்தால் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும்; போன வருடம் 175 வாங்கியவர் நின்ற இடத்தில் இந்த வருடம் 180 நிற்கலாம். உங்கள் இனப் பிரிவின் வரிசையையும் தனியாகப் பாருங்கள். 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனித் தரவரிசை உண்டு. பொதுக் கலந்தாய்விலும் நீங்கள் பங்கேற்கலாம். இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, கல்லூரியா, பாடப்பிரிவா? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மென்பொருள் வேலைதான் குறி என்றால், சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நல்ல கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸோ எலெக்ட்ரிக்கலோ மோசமில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இணைப்புக் கல்லூரிகளின் முதல் செமஸ்டரில் பைதான் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக இருந்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் பாடத்திட்டத்தைத் தனியாகத் திறந்து பாருங்கள். ஆனால் அரசுப் பொறியாளர் பணி குறி என்றால் கதை வேறு. பொதுப்பணித் துறையில் சிவில் பிரிவு உதவிப் பொறியாளராக சிவில் வேண்டும். அங்கே கல்லூரிப் பெயர் உதவாது, பட்டத்தின் பெயர்தான் பார்க்கப்படும். குரூப் 1, குரூப் 2 எழுத நினைப்பவருக்கு இந்தக் கவலை பொதுவாக இல்லை.

போனில் நிரப்பும்போது கல்லூரிப் பெயரை நம்பாதீர்கள், குறியீட்டு எண்ணைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் எத்தனையோ கல்லூரிகள். அதேபோல் அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரே பாடப்பிரிவு சுயநிதியிலும் இருக்கலாம், கட்டணம் வேறு. பிரவுசிங் சென்டரில் நிரப்பினால் பதிவில் இருப்பது உங்கள் கைபேசி எண்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபி-க்காகக் கடை வாசலில் காத்திருக்கும் நிலை வேண்டாம். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். அல்லது ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடம் காலியானால் எனக்குத் தாருங்கள் என்று காத்திருக்கலாம். அப்படி மேலே ஏறினால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. பட்டியலை ஆசைப்படி வரிசைப்படுத்தியவருக்கு இதில் பயமில்லை, மேலே இருப்பது எதுவானாலும் அவர் அதிகம் விரும்பியதுதான். எந்த முடிவானாலும் கெடு தேதிக்குள் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உள்ள பொறியியல் சேர்க்கை உதவி மையத்துக்கு நேரில் போங்கள். கடைசி நாள் மாலை கூட்டம் அதிகமாக இருக்கும், முதல் நாளே போவது நல்லது.